காயம் ஆறும்போது தோல் நடக்கிறது

முழங்காலில் ஒரு சிராய்ப்பு. மூன்றாம் நாள் அதை வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். சிவந்த ஈரப் பகுதியைச் சுற்றி, ஓரத்தில் மட்டும் மெல்லிய பளபளப்பான ஒரு வளையம் தெரியும். வெங்காயச் சருகைப் போல அவ்வளவு மெல்லியது, இளஞ்சிவப்பு நிறம். மறுநாள் பார்த்தால் அந்த வளையம் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். நடுவில் இருக்கும் சிவப்பு கொஞ்சம் சுருங்கியிருக்கும்.

அந்த வளையத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காயம் ஆறுவதைப் பற்றி நாம் சாதாரணமாகப் பேசும்போது இது பேச்சிலேயே வராது. "புதுத் தோல் முளைக்குது" என்போம். "பக்கு கட்டிடுச்சு, இனி ஆறிடும்" என்போம். "காத்தாட விடு, காயட்டும்" என்றும் சொல்வோம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றாவதில் மிகக் கொஞ்சம். ஆனால் முக்கியமான விஷயம் மூன்றிலுமே விட்டுப்போகிறது: காயத்தை மூடுகிற தோல், ஓரத்திலிருந்து ஊர்ந்து வருகிறது.

முளைப்பதா, ஊர்வதா?

ஒரு புல்வெளியின் நடுவே ஓரடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் மறுபடி பசுமையாக இரண்டு வழிகள் உண்டு. மண்ணில் விதை இருந்தால் நடுவிலிருந்தே முளைக்கலாம். இல்லையென்றால் ஓரத்துப் புல் படர்ந்து உள்ளே வர வேண்டும்.

ஆழமான காயத்தில் விதை கிடையாது. மேல்தோலின் செல்கள் அங்கே ஒன்றுகூட மிச்சமில்லை. ஆகவே படர்ந்து வருவது மட்டும்தான் வழி. புல்லோடு ஒரு வித்தியாசம் உண்டு. புல் படரும்போது நுனி வளர்கிறது, வேர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோலில் அப்படியில்லை. ஏற்கனவே இருக்கும் செல்லே இடம்பெயர்ந்து வருகிறது. புதுச் செல்கள் பிறப்பது அதற்கு அப்புறம்தான், அதுவும் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால்.

ஆய்வுக்கூடங்களில் இதைப் பார்க்க மிக எளிய ஒரு சோதனை இருக்கிறது. தட்டு ஒன்றில் தோல் செல்களை வளர்த்து, அவை இடைவெளி இல்லாமல் தரை விரிப்புபோல நிரம்பியதும், பிளாஸ்டிக் முனை ஒன்றால் நடுவே ஒரு கோடு கிழிப்பார்கள். அவ்வளவுதான் காயம். நுண்ணோக்கியின் அடியில் கேமராவை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு படம் எடுப்பார்கள். படங்களை ஓடவிட்டால் இரு கரைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வருவது தெரியும். பெரும்பாலும் ஒரு நாளில் கோடு மூடிவிடும். செல்கள் பெருகாதபடி மருந்து கொடுத்து நிறுத்தினாலும் ஓரம் நகரத்தான் செய்கிறது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காயம் இல்லாத நாட்களில் இந்தச் செல்கள் என்ன செய்கின்றன?

தோலுக்கு இரண்டு தளங்கள். மேலே இருப்பது மேல்தோல். பெரும்பாலான இடங்களில் தாளின் தடிமன்தான் இருக்கும், ரத்தக்குழாய் கிடையாது. அதன் கீழே அடித்தோல். ரத்தக்குழாய், நரம்பு, உறுதியான நார்கள் எல்லாம் அங்கேதான். மேல்தோலின் பெரும்பகுதி ஒரே வகைச் செல்லால் ஆனது. அதன் பெயர் கெரட்டினோசைட். நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தயாரிப்பதால் அந்தப் பெயர்.

இந்தச் செல்கள் சும்மா உட்கார்ந்திருப்பவை அல்ல. மேல்தோலின் அடி வரிசையில் பிறந்து, மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, கடைசியில் தூசியாக உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஆக, பயணம் அவற்றுக்குப் புதிதல்ல, திசைதான் புதிது. மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தவை, காயம் பட்டதும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்.

திரும்புவது அவ்வளவு எளிதில்லை. அடி வரிசைச் செல் இரண்டு விதமாகக் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. கீழே, கூடாரத்துக்கு முளை அடித்ததுபோல, தரையோடு இறுக்கமான பிடிப்புகள். பக்கத்தில், சட்டைப் பொத்தான்போல அண்டைச் செல்லோடு பூட்டிக்கொண்ட பிடிப்புகள். இந்தப் பொத்தான்களுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். நாள் முழுக்க உரசினாலும் தோல் பிய்ந்து வராமல் இருப்பது இந்த இரண்டின் புண்ணியத்தால்தான். காயம் மூட வேண்டுமென்றால், ஓரத்துச் செல்கள் முளையைப் பிடுங்க வேண்டும், பொத்தான்களைத் தளர்த்த வேண்டும். அதே நேரம் முழுவதுமாக அவிழ்ந்து தனித்தனியாக ஓடிவிடவும் கூடாது.

இந்த ஆயத்தத்துக்கே பல மணி நேரம் ஆகிறது. முதல் நாள் முழுக்கக் காயம் அப்படியே கிடப்பதுபோல நமக்குத் தோன்றும். ஓரத்தில் செல்கள் கட்டவிழ்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

புறப்படு என்று யார் சொல்கிறார்கள்?

காயம் பட்ட சில நிமிடங்களில் ரத்தம் உறைகிறது. ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஃபைப்ரின் என்ற நூல்போன்ற புரதம் வலை பின்னி ஓட்டையை அடைக்கிறது. இது தற்காலிக அடைப்பு. அதோடு ஒரு செய்திப் பெட்டியும்கூட. தட்டணுக்கள் உடைந்து கொட்டும் பொருட்களில் "வளர், நகர்" என்று மற்ற செல்களைத் தூண்டும் புரதங்கள் உண்டு. இவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்பார்கள். பின்னாலேயே வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் குப்பையையும் விழுங்குகின்றன. முதல் சில நாட்கள் காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருப்பது இந்த வேலையால்தான்.

இன்னொரு சமிக்ஞை மிக எளிமையானது: பக்கத்தில் ஆளில்லை. நெரிசலான பேருந்தில் நிற்கும்போது நான்கு பக்கமும் தோள் இடிக்கும். திடீரென ஒரு பக்கம் காலியானால் உடம்பு தானாக அந்தப் பக்கம் விரிகிறது. செல்லும் அப்படித்தான். ஒரு பக்கத்து அழுத்தம் போனதே அதற்கு ஒரு செய்தி.

மூன்றாவது, பலரும் கேள்விப்படாத ஒன்று, மின்சாரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேல்தோல் சோடியம் அயனிகளை, அதாவது உப்பிலிருக்கும் மின்னேற்றமுள்ள துகள்களை, ஓயாமல் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் தோலின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. தோல் கிழிந்ததும் அந்த இடத்தில் இந்த ஏற்பாடு உடைகிறது. அணையில் ஓட்டை விழுந்தால் நாலா பக்கத்துத் தண்ணீரும் அதை நோக்கி ஓடுமே, அதுபோல மின்னோட்டம் காயத்தை நோக்கி ஓடுகிறது. ஜெர்மானிய உடலியல் அறிஞர் எமில் டு புவா ரேமோன் 1840-களிலேயே தன் விரலில் வெட்டிக்கொண்டு இந்த மின்னோட்டத்தை அளந்திருக்கிறார். அதன் பயன் புரிய வெகுகாலம் ஆனது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், காயத்தின் ஓரத்தில் வெளியிலிருந்து மின்புலம் கொடுத்துத் திசையைத் தலைகீழாக மாற்றினார்கள். செல்கள் காயத்தை விட்டு எதிர்ப்பக்கம் போகத் தொடங்கின. எதிரே திறந்த இடம் இருந்தும், வளர்ச்சிக் காரணிகள் இருந்தும், மின்சாரத்தின் பேச்சைத்தான் கேட்டன.

இதுவரை பார்த்தது இவ்வளவு: காயத்தை மூட ஓரத்துச் செல்கள் இடம்பெயர வேண்டும். வேதிப் பொருட்கள், காலியான பக்கம், மின்புலம் ஆகியவை எந்தப் பக்கம் போவது என்று காட்டுகின்றன. பிடிப்புகளைத் தளர்த்திக்கொண்டு செல்கள் தயாராகின்றன.

காலில்லாத ஒன்று எப்படி நடக்கிறது?

ஒரு செல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குக் காலும் இல்லை, வாலும் இல்லை. உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் இருக்கின்றன. இந்த இழையின் சிறப்பு, ஒரு முனையில் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே நீளலாம், மறுமுனையில் துண்டுகளைக் கழற்றிக்கொண்டே குறையலாம். செல் போக நினைக்கும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆக்டின் இழைகள் ஒரே நேரத்தில் நீள்கின்றன. அவை செல்லின் சவ்வை உள்ளிருந்து தள்ள, முன்புறம் அகலமான மெல்லிய நாக்குபோல நீண்டு தரையில் படிகிறது.

நீட்டினால் மட்டும் போதாது, பிடித்துக்கொள்ளவும் வேண்டும். செல்லின் சவ்வில் இன்டெக்ரின் என்ற கொக்கிகள் இருக்கின்றன. கொக்கியின் வெளிப்பக்கம் தரையிலுள்ள நார்களைக் கவ்வுகிறது, உள்பக்கம் ஆக்டின் இழையோடு கோத்திருக்கிறது. அப்புறம் மயோசின் வருகிறது. நம் தசைகளைச் சுருக்குகிற அதே புரதக் குடும்பம்தான். அது ஆக்டின் இழைகளை இழுத்துச் சுருக்க, செல்லின் உடல் முன்னால் வருகிறது. கடைசியாகப் பின்பக்கக் கொக்கிகள் விடுபடுகின்றன. கயிற்றில் ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கையை நீட்டு, பிடி, உடம்பை இழு, கீழ்க்கையை விடு. அதேதான்.

இந்த நான்கில் எது அதிகமானாலும் நடை கெடும். பிடி தளர்ந்தால் செல் இருந்த இடத்திலேயே வழுக்கும். பிடி இறுகினால் பின்பக்கம் விடாமல் மாட்டிக்கொள்ளும். காயத்தின் தரையோ சமதளம் அல்ல. உறைந்த ரத்தம், அறுந்த நார்கள், குப்பை எல்லாம் கிடக்கும் இடிபாடு. ஆகவே கெரட்டினோசைட்டுகள் புரதங்களை வெட்டும் நொதிகளைச் சுரந்து வழி வெட்டிக்கொண்டே போகின்றன. புதர்க்காட்டில் அரிவாளோடு நடப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

வேகம்? காய ஓரம் ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் ஒரு பகுதிதான் முன்னேறும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறு செல்கள் வரிசையாக நிற்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் கெட்டிக்கார நடைதான்.

தனியாக அல்ல, சேர்ந்து

வெள்ளையணு தனியாகத் திரியும் ஜாதி. தோல் செல் அப்படியில்லை, கைகோத்துப் போகும். பெரிய கனமான விரிப்பைப் பலர் சேர்ந்து நகர்த்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன் ஓரத்தைப் பிடித்திருப்பவர்கள் நன்றாக இழுக்கிறார்கள். நடுவில் நிற்பவர்களும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு நகராவிட்டால் அது கிழிந்துவிடும். ஓரத்தில் சில செல்கள் பெரிய நாக்கு நீட்டி வழிகாட்டிகளாக முந்திப் போகின்றன. ஆனால் பின்னால் பல வரிசைகளில் இருப்பவையும் சின்னச் சின்ன நாக்குகளை நீட்டித் தாமும் தள்ளிக்கொண்டு வருகின்றன. பொத்தான்கள் தளர்ந்திருந்தாலும் கழன்றுவிடாததால் இழுவிசை ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிறது.

விரிப்பு இழுபட இழுபடப் பின்னால் ஆள் குறையும் அல்லவா? அங்கேதான் செல் பெருக்கம் வருகிறது. ஓரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒன்றிரண்டு நாள் கழித்து, செல்கள் வேகமாகப் பிளந்து பெருகத் தொடங்குகின்றன. முன்னால் நடப்பவை அநேகமாகப் பெருகுவதில்லை. வேலைப் பங்கீடு அவ்வளவு சுத்தம்.

கருவிலிருக்கும் சிசுவின் தோல் வேறு தந்திரம் செய்கிறது. அங்கே ஓரத்துச் செல்களின் ஆக்டின் இழைகள் காயத்தைச் சுற்றிலும் ஒரே வளையமாகச் சேர்ந்துவிடும். சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல வளையம் சுருங்க, வாய் மூடிக்கொள்ளும். கோழிக் கருவில் இதை 1992-இல் காட்டினார்கள். வளர்ந்தவர்களின் தோலில் ஊர்ந்து வருவதே முக்கிய வழி.

சரி, எப்போது நிறுத்துவது? எதிர்க்கரையிலிருந்து வரும் செல்லைத் தொட்டதும். தொடுகை ஏற்பட்ட இடத்தில் நாக்கு நீட்டுவது அடங்குகிறது. மைக்கேல் அபர்கிராம்பி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1950-களில் வேறு வகைச் செல்களில் இதைக் கவனித்து, தொடுகைத் தடை என்று பெயர் வைத்தார். தொட்டதும் பொத்தான்கள் மறுபடி பூட்டிக்கொள்கின்றன, தரையில் முளைகள் அடிக்கப்படுகின்றன, பழைய மேல்நோக்கிய பயணம் திரும்பத் தொடங்குகிறது. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் இந்தத் தடையை மதிப்பதில்லை. நடக்கும் கருவிகள் இரண்டுக்கும் ஒன்றுதான், நிற்கத் தெரிவதில்தான் வித்தியாசம்.

சிராய்ப்பு ஏன் சீக்கிரம் ஆறுகிறது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு சென்டிமீட்டர் அகலச் சிராய்ப்பு. ஓரம் நாளுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் சேர்ந்து மூட 20 நாள் ஆக வேண்டும். ஆனால் மேலோட்டமான சிராய்ப்பு ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடுகிறதே?

காரணம், முடிக்கால்கள். ஒவ்வொரு முடியின் குழியும் மேல்தோல் உள்ளே மடிந்து இறங்கிய ஒரு சின்னக் கிணறு. மேலோட்டமான காயத்தில் மேற்பரப்பு போனாலும் கிணற்றின் அடி தப்பிவிடும். அங்கிருக்கும் செல்கள் ஏறி வெளியே வந்து படர்கின்றன. அதனால் ஓரத்திலிருந்து மட்டுமல்ல, நடுவிலும் அங்கங்கே தீவுகள் தோன்றும். மேலே புல்வெளியில் சொன்ன விதை இதுதான். வேறு இடத்தில் ஒட்டுவதற்குத் தோல் எடுக்கும் அறுவை மருத்துவர்கள் இதையே நம்பி வேலை செய்கிறார்கள், அதாவது தீக்காயத்துக்கு ஒட்ட, தொடையிலிருந்து மேல்தோலோடு அடித்தோலின் ஒரு பகுதியை மட்டும் மெல்லியதாகச் சீவுவார்கள். முடிக்கால்களின் அடிப்பகுதி தொடையிலேயே இருப்பதால், சீவிய இடம் சுமார் இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். கிணறும் சேர்ந்து அழிந்த ஆழமான தீக்காயத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குத்தான் தோல் ஒட்ட வேண்டியிருக்கிறது.

தையல் போடுவதும் இதே கணக்குதான். கரைகளை நெருக்கிவைத்தால் நடக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. நன்றாகத் தைத்த காயத்தின் மேற்பரப்பை ஓரிரு நாளில் செல்கள் மூடிவிடும். உள்ளே உறுதி ஏற வாரக்கணக்கில் ஆகும் என்பது வேறு கதை.

கீழ்த்தளத்தின் கதை, சுருக்கமாக

அந்த வேறு கதையின் நாயகன் ஃபைப்ரோபிளாஸ்ட். அடித்தோலில் நார்களை நெய்யும் செல் இது. இதுவும் காயத்துக்குள் ஊர்ந்து வந்து, புது ரத்தக்குழாய்களோடு சேர்ந்து சிவந்த மணிமணியான திசுவைக் கட்டுகிறது. கெரட்டினோசைட்டுகளுக்கு நடக்கத் தரை கிடைப்பது இதனால்தான். பிறகு சில ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் தசைபோலச் சுருங்கும் திறன் பெற்று, கரைகளை உள்பக்கம் இழுக்கின்றன. எலியின் காயம் பெரும்பாலும் இப்படிச் சுருங்கியே மூடுகிறது. மனிதத் தோல் கீழே இறுக்கமாக ஒட்டியிருப்பதால் நமக்கு ஊர்தலின் பங்கு அதிகம். "எலியில் இரண்டே நாளில் காயம் ஆறியது" என்று செய்தி வந்தால் நான் அவ்வளவாகத் துள்ளாததற்கு இதுதான் காரணம்.

அவசரத்தில் நெய்த நார்கள் தழும்பாகின்றன. நன்றாக ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டும். ஆழமான தழும்பில் முடி முளைப்பதில்லை, வியர்வையும் வராது.

ஃபைப்ரோபிளாஸ்ட்டின் நடைக்கு நேரங்காலமும் உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பகலில் பட்ட காயங்கள் சராசரியாக 17 நாளிலும், இரவில் பட்டவை 28 நாளிலும் ஆறியிருந்தன. ஃபைப்ரோபிளாஸ்ட்டின் உள்கடிகாரம் ஆக்டினை இயக்கும் புரதங்களைப் பகலில் கூட்டுகிறது என்று அதே ஆய்வு காட்டியது.

பக்கு நண்பனா?

இப்போது "காத்தாட விடு" என்ற அறிவுரைக்கு வருவோம். செல்லுக்கு நடக்க ஈரம் வேண்டும். காய்ந்த பக்கின் மேலோ அதற்குள்ளோ அது நடக்க முடியாது. பக்குக்கும் உயிருள்ள திசுவுக்கும் நடுவே, ஈரம் இருக்கும் ஆழம்வரை கீழே இறங்கி, வெட்டிக்கொண்டே போக வேண்டும். மேட்டைத் தாண்ட முடியாமல் அடியில் சுரங்கம் தோண்டுவதுபோல. நேரமும் சக்தியும் அதில் போகிறது.

ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-இல் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஈரம் காக்கும் கட்டுகளுக்கெல்லாம் ஆரம்பம் அதுதான். பக்கு கெட்டதென்று அர்த்தமில்லை. மூட வேறொன்றும் இல்லாதபோது கிருமியைத் தடுக்க உடம்பு போடும் மூடி அது. அதைப் பிய்த்தால், அடியில் ஒட்டியிருக்கும் புதுச் செல் வரிசையும் சேர்ந்து வந்துவிடும், ஓரம் பழைய இடத்துக்கே போய்விடும். ஈரம் என்றால் சொதசொதவென்று ஊறவைப்பதும் அல்ல, ஊறினால் சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்துப் பிய்யும். நுரைக்கும் கிருமிநாசினியைத் தினமும் ஊற்றுவதும் உதவாது. கிருமியைக் கொல்வது நடந்துவரும் செல்லையும் விட்டுவைக்காது.

நடை நின்றுபோன காயம்

நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்துப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். "புதுத் தோல் முளைக்கவில்லை" என்று நாம் சொல்வோம். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் வேறு காட்சி. ஓரத்தில் கெரட்டினோசைட்டுகள் ஏராளமாகப் பெருகி, மேடாகக் குவிந்து நிற்கின்றன. ஆள் பற்றாக்குறை இல்லை. முன்னால் போகத்தான் முடியவில்லை. வீக்கம் அடங்காததால் நொதிகள் மிஞ்சிப்போய், நடக்க வேண்டிய தரையையே கரைத்துவிடுகின்றன. வளர்ச்சிக் காரணிகளும் அதில் சிதைகின்றன. ரத்த ஓட்டம் குறைவு, கிருமிகள் பிசின்போலப் படலம் கட்டியிருக்கும். உணர்ச்சி மரத்த பாதம் என்பதால் நோயாளி தெரியாமலே அதன்மேல் நடந்து, முளைவிட்ட வரிசையை நசுக்கிக்கொண்டும் இருப்பார்.

அதனால்தான் மருத்துவர் செத்த திசுவையும் தடித்த ஓரத்தையும் சீவி எடுக்கிறார். ஆறாத புண்ணை மேலும் வெட்டுகிறாரே என்று பார்ப்பவர்களுக்குப் பதறும். அந்தக் குவியலை அகற்றி, நகரத் தெரிந்த செல்களுள்ள புது ஓரத்தை அவர் வெளியே கொண்டுவருகிறார். பிறகு பாதத்தின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்.

புண்ணைப் பரிசோதிக்கும்போது அனுபவமுள்ளவர்கள் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். ஓரம் உள்பக்கமாகச் சரிந்து, மெல்லிய வெளிர் நீல வளையத்தோடு இருந்தால் செல்கள் நடந்துகொண்டிருக்கின்றன. செங்குத்தாக வெட்டியதுபோல இருந்தால் நின்றுவிட்டன. நெடுநாள் புண்ணின் ஓரம் தடித்து, வெளிப்பக்கமாகச் சுருண்டு எழும்பியிருந்தால், அதில் ஒரு துணுக்கை எடுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்புவார்கள்.